ஒரே உலையில் பொங்கினால்: சேர்ந்து குடியேறும் ஓ.கே.யு தம்பதிக்கு எந்தப் பணம் நிற்கும், எது தொடரும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ரொம்ப நாளாக ஒரு பேச்சு உண்டு. "ரெஜிஸ்டர் பண்ணிடாதீங்க, கெபாஜிக்கான் காசு நின்னுடும்." கெபாஜிக்கான் என்றால் அரசின் சமூக நல உதவி. ஓ.கே.யு, அதாவது மாற்றுத்திறனாளி, கார்டு வைத்திருக்கும் பிள்ளைக்கு வரன் அமைந்தால் வீட்டுப் பெரியவர்களின் முதல் பயம் இதுதான். அதனால் கோயிலில் தாலி கட்டுவார்கள், திருமணப் பதிவை மட்டும் தள்ளிப்போட்டுவிட்டு ஒரே வீட்டில் குடியேறிவிடுவார்கள். மாதம் 300 வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, காப்பாற்ற என்று செய்யும் இந்த வேலையால் அந்த 300 காப்பாற்றப்படுவதில்லை. அதைவிடப் பெரிய ஓர் உரிமையும் கூடவே போய்விடுகிறது.

ஒவ்வோர் இலாகாவும் வேறொன்றைப் பார்க்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்லாததால்தான் இந்தக் குழப்பம். சமூக நல இலாகா, அதாவது ஜே.கே.எம், நீங்கள் யாரோடு ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுகிறீர்கள் என்று பார்க்கும். திருமணச் சான்றிதழ் அங்கே இரண்டாம் பட்சம். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவுக்கு உங்கள் சந்தாவும் உடல்நிலையும்தான் கணக்கு. நீங்கள் இறந்த பிறகுதான் அது சான்றிதழைக் கேட்கும். குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு ரொக்க உதவியான எஸ்.டி.ஆர் பணமும் வருமான வரியும் தேசியப் பதிவு இலாகாவில் உங்கள் நிலை என்ன என்பதைப் பார்க்கும். ஓ.கே.யு கார்டோ இவை எதையும் பார்க்காது, உங்களை மட்டும் பார்க்கும். ஆகவே கல்யாணம் ஆனால் காசு நிற்குமா என்று மொத்தமாகக் கேட்டுப் பயனில்லை. ஒவ்வொரு பணமாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் எதற்கும் அசையாதவை. ஓ.கே.யு பதிவு 2008-ஆம் ஆண்டுச் சட்டம் 685-இன் கீழ் வருவது. கேட்டல், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகை என்று ஏழு பிரிவுகள். யாரோடு வாழ்ந்தாலும், எங்கே குடிபோனாலும் அந்தப் பதிவு ரத்தாகாது. புதிதாக எடுக்கவும் தேவையில்லை. அரசு மருத்துவமனைக் கட்டண விலக்கு, கே.டி.எம் ரயில் கட்டணக் கழிவு, கட்டணமில்லாக் கடப்பிதழ் போன்றவை கார்டைத் தொடர்ந்து வருபவை. துணைவர் எவ்வளவு சம்பாதித்தாலும் இவற்றை யாரும் பிடுங்க முடியாது. பதிவேட்டில் முகவரியை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டால் போதும்.

வேலை செய்யும் ஓ.கே.யுவுக்குத் தரப்படும் உதவித்தொகையும் ஏறக்குறைய இப்படித்தான். இப்போது எலாவுன் பெக்கெர்ஜா ஓ.கே.யு என்று பெயர். பெரியவர்கள் இன்னும் ஈ.பி.சி என்றுதான் சொல்வார்கள். 2021-இல் மாதம் 400 வெள்ளியிலிருந்து 450-ஆக ஏறியது. இதற்கு ஒரு சம்பள உச்சவரம்பு உண்டு. ஆனால் அது அந்தத் தொழிலாளியின் சொந்தச் சம்பளத்துக்கான வரம்பு. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் காது கேளாத பெண் லோரி ஓட்டுநரைக் கட்டிக்கொண்டால், அவர் சம்பளத்தால் இவள் தொகை நிற்காது. நிறுத்தக்கூடியது இவளுடைய சம்பள உயர்வுதான். அதனால் குறைந்தபட்சச் சம்பளம் ஏறும் ஒவ்வொரு முறையும் அப்போதைய வரம்பு என்ன என்று கவுண்டரில் கேட்டுவிட வேண்டும். கல்யாண நேரத்தில் இந்தத் தொகை நின்றுபோன வீடுகளைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் முதலாளியின் புதுக் கடிதம் போகாமல் இருந்திருக்கும், அல்லது வேலையே மாறியிருக்கும். பழி மட்டும் தாலியின் மேல் விழும்.

இனிமேல்தான் சிக்கல். வேலை செய்ய இயலாத ஓ.கே.யுவுக்கான உதவி, பி.டி.பி. வயது 18 முதல் 59 வரை. 2021-இல் மாதம் 250-லிருந்து 300 வெள்ளியானது. இதற்கு வீட்டு வருமானம் கணக்கில் வரும். வீடு என்றால் என்ன? புள்ளிவிவர இலாகாவின் விளக்கம் நேரானது: உறவினராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒன்றாக வாழ்ந்து, சாப்பாடு முதலான தேவைகளை ஒன்றாகப் பார்த்துக்கொள்பவர்கள் ஒரு வீட்டார். உறவினராக இல்லாவிட்டாலும் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். பதிவு செய்யாத மனைவியும் சேர்ந்து சாப்பிட்டால் வீட்டாள்தான். விசாரணைக்கு வரும் அதிகாரி திருமணச் சான்றிதழைத் தேடி வருவதில்லை. சமையலறையைப் பார்ப்பார், துணிக் கொடியைப் பார்ப்பார், யார் சம்பளத்தில் அரிசி வருகிறது என்று கேட்பார். "தங்கச்சி மாதிரி, சும்மா கூட இருக்கு" என்று சொல்லிச் சமாளிப்பவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் அது முடிந்தது. பொய்யென்று தெரிந்தால் உதவி நிற்கும், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டும் நிலையும் வரலாம். அதையே சத்தியப் பிரமாணக் கடிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் குற்ற வழக்கே ஆகலாம்.

அப்படியானால் பதிவு செய்யாமல் இருந்து பி.டி.பி-யில் மிச்சப்பட்டது என்ன? ஒன்றுமில்லை.

சேர்ந்து குடியேறினால் பி.டி.பி கட்டாயம் நிற்கும் என்பதும் தவறு. வீட்டு வருமானத்தை வறுமைக் கோட்டு வருமானத்தோடு ஒப்பிடுகிறார்கள். மலாயில் சுருக்கமாக பி.ஜி.கே. நாடு முழுவதற்குமான சராசரி 2019-இல் 2,208 வெள்ளி, 2022-இல் 2,589 வெள்ளி. இந்த எண்ணைப் பத்திரிகையில் படித்துவிட்டு, "நமக்கு இரண்டாயிரம்தானே, கட்டாயம் கிடைக்கும்" என்று கணக்குப் போடுவது சரிவராது. அது சராசரி அளவுள்ள ஒரு வீட்டுக்கான எண். வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, எந்த மாநிலம், நகரமா உட்புறமா என்பதைப் பொறுத்து கோடு ஏறி இறங்கும். இரண்டே பேர் உள்ள வீட்டுக்கு அது கீழே இருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கால் இழந்த ஒருவர் அம்மா, அண்ணன், அண்ணியோடு இருக்கிறார். நான்கு பேர். வரும் சம்பளம் அண்ணனுடைய 1,900 வெள்ளி மட்டும். தலைக்கு 475. இவர் தனியே போய், பகுதி நேரத் தையல் வேலையில் மாதம் 1,100 வெள்ளி வாங்கும் பெண்ணோடு குடியேறுகிறார். வீட்டுக்குள் வரும் பணம் 800 வெள்ளி குறைந்துவிட்டது. ஆனால் தலைக்கு 550. அதே நேரம் அண்ணன் வீட்டில் மூன்று பேருக்கு 1,900, தலைக்கு 633. இரண்டு வீட்டிலும் ஏழ்மை அப்படியேதான் இருக்கிறது, காகிதத்தில் மட்டும் இரண்டும் கொஞ்சம் செழித்துவிட்டன. மறுபக்கமும் உண்டு. அண்ணனுக்கு 3,500 வெள்ளி சம்பளம் என்பதால் இத்தனை நாள் பி.டி.பி மறுக்கப்பட்டவர், சம்பாதிக்காத துணையோடு தனியே போனதும் தகுதி பெறலாம். இருவரும் வேலை செய்ய இயலாத ஓ.கே.யு என்றால் தனித்தனியாக விண்ணப்பிக்கலாம். ஒருவர் பெயரில் வருவதால் மற்றவர் கேட்கக் கூடாது என்று தாங்களே முடிவு செய்துகொண்டு வீட்டில் இருந்துவிடுபவர்களைப் பார்க்கத்தான் வருத்தமாக இருக்கிறது.

தோட்டச் சம்பளத்துக்கு ஓர் எச்சரிக்கை. செக்ரோல், அதாவது வருகைப் பதிவேட்டுக் கணக்கில் வரும் சம்பளம், மாதத்துக்கு மாதம் ஆடும். செம்பனை விளைச்சல் ஏறும் மாதங்களில் குலை வெட்டுபவரின் சீட்டைப் பார்த்தால் பணக்காரர் போலத் தெரியும். மழை மாதத்துப் பால்மரத் தொழிலாளியின் சீட்டில் பாதி இருக்காது. அதிகாரி கடைசி மூன்று சம்பளச் சீட்டைக் கேட்டால், அந்த மூன்றும் விளைச்சல் மாதங்களாக இருந்தால், ஓராண்டுச் சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள். சராசரியை ஒரு தாளில் எழுதித் தோட்ட அலுவலகக் கிராணியிடம் முத்திரை வாங்கி வையுங்கள். ஓவர்டைம், பிடித்தங்கள், கையில் வாங்கும் தொகை மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கடன் பிடித்தம் போகக் கையில் 900-தான் வருகிறது என்ற வாதம் எடுபடாது. பிடித்தத்துக்கு முந்திய தொகைதான் வருமானம்.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிப்பதற்கான உதவி வேறு ரகம். 2021-இல் 350-லிருந்து 500 வெள்ளியானது. அரசு மருத்துவர் உறுதி செய்ய வேண்டும், வீட்டு வருமானமும் பார்க்கப்படும். ஆனால் குடிபெயரும்போது வரும் தகராறு பெரும்பாலும் வருமானத்தால் வருவதில்லை. பராமரிப்பவர் என்று கோப்பில் அம்மா பெயர் இருக்கும், வங்கிக் கணக்கும் அம்மாவுடையது. மகன் மனைவியோடு வேறு தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, போய்விடுகிறார். பணம் மட்டும் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கிறது. ஆண்டு மறு ஆய்வில் அதிகாரி வந்து பார்த்தால் கட்டில் காலி. அதோடு நின்றுவிடும். மருமகள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இடைப்பட்ட மாதங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. பெட்டி கட்டும் முன்பே, பராமரிப்பவர் மாறுகிறார் என்று எழுத்தில் கொடுத்துவிட்டால் இந்த இடைவெளி வராது. மாமியார், மருமகள் இருவரும் ஒன்றாகக் கவுண்டருக்குப் போவது நல்லது. சண்டை இருந்தாலும் அன்று ஒரு காலைப் பொழுதுக்கு ஒத்திவைக்கலாம்.

இணையத்தில் தேடினால் வெளிநாட்டு விதிகள்தான் முதலில் வந்து நிற்கும், அதைப் படித்துப் பயந்தவர்கள் நம்மிடையே நிறைய. அமெரிக்காவில் எஸ்.எஸ்.ஐ என்ற உதவிக்கு 2025-இல் தனியாளுக்கு மாதம் 967 டாலர். தம்பதிக்கு 1,450, இரண்டு பங்கு 1,934 வருவதில்லை. சேமிப்பு வரம்பு தனியாளுக்கு 2,000 டாலர், தம்பதிக்கு 3,000. ஊருக்குக் கணவன் மனைவி என்று காட்டிக்கொண்டு வாழ்ந்தாலே பதிவில்லாமலும் தம்பதிக் கணக்குத்தான். பிரிட்டனில் யூனிவர்சல் கிரெடிட்டுக்குச் சேர்ந்து வாழும் இருவரும் ஒரே விண்ணப்பம் போட வேண்டும், பி.ஐ.பி என்ற உடல்நல உதவிக்கு மட்டும் துணைவரின் வருமானம் பார்க்கப்படாது. இவை அந்த நாடுகளின் சட்டம். நம் ஊர் ஜே.கே.எம்-இல் தம்பதிக்கென்று வெட்டிக் குறைத்த ஒரு தனி விகிதம் கிடையாது. இங்கே இருப்பது வீட்டு வருமானக் கணக்கு ஒன்றுதான்.

அடுத்தது பெர்கேசோ. நம் ஆட்கள் வாயில் சொக்சோ. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் 4. தோட்டத்தில் வேலை செய்து உடல் போனவர்களின் பெரிய பணம் இங்கேதான் இருக்கிறது. அதையும் வெல்பேர் காசையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வரும் நஷ்டம் கொஞ்சமல்ல. வேலை விபத்தால் வரும் நிரந்தர ஊனத்துக்கு ஒரு தொகை. விபத்தே இல்லாமல், பக்கவாதமோ சிறுநீரகக் கோளாறோ வந்து வேலை செய்ய முடியாமல் போனால் பென்சன் ஈலாட். அது சராசரிச் சம்பளத்தின் 50 முதல் 65 விழுக்காடு வரை. முழு விகிதத்துக்குத் தகுதிபெற ஒரு வழி, தொடர்ச்சியான 40 மாதங்களுக்குள் 24 மாதச் சந்தா கட்டப்பட்டிருப்பது. எந்நேரமும் ஒருவர் கூட இருந்து கவனிக்க வேண்டிய நிலை என்று மருத்துவர் குழு சொன்னால் மாதம் 500 வெள்ளி கவனிப்புப் படியும் உண்டு. இவை எல்லாம் நீங்கள் கட்டிய சந்தாவுக்கான உரிமை. மனைவி ஆசிரியையாக இருந்தாலும் பென்சன் ஈலாட்டில் ஒரு காசு குறையாது. சேர்ந்து வாழ்ந்தாலும் பிரிந்தாலும் அப்படியே.

ஆனால் ஜே.கே.எம் கணக்கில் இந்தப் பென்ஷன் வீட்டு வருமானம். ஈலாட் வாங்குபவரோடு பி.டி.பி வாங்குபவர் குடியேறினால், முன்னவருடையது தொடரும், பின்னவருடையது மறு ஆய்வுக்கு வரும்.

பதிவுத் திருமணம் ஏன் முக்கியம் என்பது இங்கேதான் தெரியும். ஈலாட் பென்ஷன் வாங்குபவர் இறந்துவிட்டால் அது பென்சன் பெனாக்காட்டாக மாறிக் குடும்பத்துக்குப் போகும். துணைவருக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு. மாதம் 700 வெள்ளி பென்ஷன் என்றால் மனைவியின் பங்கு 420. கவுண்டரில் முதலில் கேட்பது திருமணச் சான்றிதழ். கோயில் புகைப்படம், அழைப்பிதழ், தாலி எதுவும் அதற்கு ஈடாகாது. சான்றிதழ் இல்லாதவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் விதவையே இல்லை. 300 வெள்ளிக்குப் பயந்து, அதுவும் பதிவு செய்யாததால் காப்பாற்றப்படாத 300-க்குப் பயந்து, 420-ஐ விட்டவர்கள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள்.

பதிவு விஷயத்தில் தேதி ஒன்றை நினைவில் வையுங்கள்: 1982 மார்ச் 1. முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம், சட்டம் 164, அமலுக்கு வந்த நாள். அதற்கு முன் மரபுப்படி செய்த கல்யாணங்களைச் சட்டம் பதிவானதாகவே ஏற்கிறது. ஆகவே 70 வயதைத் தாண்டிய தாத்தா பாட்டி சான்றிதழ் இல்லையே என்று பதற வேண்டாம். அவர்களுக்குச் சத்தியப் பிரமாணமும் சாட்சிகளும் கொண்டு நிரூபிக்கும் வழி உண்டு. அதற்குப் பின் கட்டியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. இருவரும் சேர்ந்து தேசியப் பதிவு இலாகாவில் விண்ணப்பம் கொடுத்தால் 21 நாள் அறிவிப்புப் பலகையில் இருக்கும். அதன் பின், அறிவிப்பு வெளியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதிவை முடித்துவிட வேண்டும். சில கோயில்களிலும் சங்கங்களிலும் அரசு நியமித்த துணைப் பதிவாளர்கள் உண்டு. அவர் முன்னிலையில் கட்டினால் தாலியும் பதிவும் ஒரே நாளில் முடியும். குருக்கள் எல்லாரும் துணைப் பதிவாளர் இல்லை, நியமனக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள். நடமாட முடியாதவருக்காக அலுவலகத்துக்கு வெளியே நடத்தவும் சட்டத்தில் இடமுண்டு, அனுமதிக்கு முன்கூட்டியே கேட்க வேண்டும். காது கேளாதவருக்குச் சைகை மொழி பெயர்ப்பாளர் தேவை என்பதை விண்ணப்பிக்கும் அன்றே சொல்லுங்கள். பத்தாண்டுக்கு முன் தாலி கட்டியிருந்தாலும் சான்றிதழில் பதிவு நடந்த தேதிதான் இருக்கும். அதனால் உடல்நிலை மோசமாகும்வரை தள்ளிப்போடாதீர்கள். முஸ்லிம் தம்பதிகளுக்கு இது மாநில இஸ்லாமிய சமய இலாகாவின் பொறுப்பு.

பதிவு செய்தால் உண்மையிலேயே குறையும் பணம் ஒன்று இருக்கிறது, மறைப்பானேன்? எஸ்.டி.ஆர். 2025-இல் தனியாளுக்கு ஆண்டுக்கு 600 வெள்ளி. மாத வருமானம் 2,500-க்குள் உள்ள, பிள்ளை இல்லாத தம்பதிக்கு 1,000 வெள்ளி. இருவர் தனித்தனியாக வாங்கியிருந்தால் 1,200. ஆண்டுக்கு 200 வெள்ளி நஷ்டம். ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் அதே வருமானத்தில் 1,500-ஆகிவிடும், கணக்கு தலைகீழாகும். மாதத்துக்கு 17 வெள்ளிகூட வராத இந்த வித்தியாசத்துக்காகப் பதிவைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம் இல்லை என்பதே எங்கள் கருத்து. நிலை மாறியதும் மைஎஸ்.டி.ஆர் பக்கத்தில் புதுப்பித்துவிடுங்கள். இருவரும் தனியாள் என்றே விட்டுவைத்தால் பதிவு இலாகாவின் விவரத்தோடு ஒத்துப்போகாமல் இருவர் பெயரும் நிராகரிப்பில் மாட்டும்.

வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் உள்ளவர்களுக்குப் பதிவு லாபம்தான். 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் ஓ.கே.யு துணைவருக்கான கூடுதல் கழிவு 5,000-லிருந்து 6,000 வெள்ளி, தாமே ஓ.கே.யு என்றால் 7,000. பெற்றோர் பக்கம் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஓ.கே.யு பிள்ளைக்கான 8,000 வெள்ளிக் கழிவு மணமாகாத பிள்ளைக்கு மட்டும். பெர்கேசோவில் இறந்த அப்பாவின் பெயரால் பங்கு வாங்கும் பிள்ளைக்கும் பொது விதி 21 வயது அல்லது திருமணம், எது முன்போ அது. தன்னைத்தானே பராமரித்துக்கொள்ள இயலாத பிள்ளைக்கு வயது வரம்பில் விலக்கு உண்டு. அந்த விலக்கில் பணம் வாங்குபவர் கல்யாணத்துக்கு முன்பே பெர்கேசோவிடம் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கவுண்டரில் வாயால் சொல்லும் பதில் ஆண்டு மறு ஆய்வில் நிற்காது.

இனி குடிபெயரும் வேலை. சுங்கை சிப்புட்டுக்கு மாவட்டம் குவாலா கங்சார். அதே மாவட்டத்துக்குள் லயத்திலிருந்து தாமானுக்குப் போனால் முகவரி மாற்றத்தோடு விஷயம் முடியும். மனைவி ஊர் தாப்பா, சுங்கை பட்டாணி என்று மாவட்டமோ மாநிலமோ தாண்டினால் கோப்பும் தாண்ட வேண்டும். இங்கேதான் பாதிப்பேர் தவறுகிறார்கள். பழைய அலுவலகத்தில் "நான் போறேன், நிப்பாட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு, புது ஊரில் முதலிலிருந்து விண்ணப்பிக்கிறார்கள். கேட்க வேண்டியது பிண்டா ஃபைல், கோப்பு மாற்றம். பழைய அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கி, அதை எடுத்துக்கொண்டு புது அலுவலகத்துக்குப் போங்கள். இடையில் வங்கிக் கணக்கை மாற்றாதீர்கள். கோப்பு பயணப்படும் நேரத்தில் கணக்கும் மாறினால் பணம் இரண்டுக்கும் நடுவில் தொங்கும். ஊர் பெயர் பொருந்தவில்லையே என்று கணக்கை மூடிவிடுபவர்களும் உண்டு. தேவையே இல்லாத வேலை.

அடையாள அட்டையான மைகாட்டில் முகவரி மாற்றத்தை 30 நாளுக்குள் பதிவு இலாகாவில் சொல்ல வேண்டும். இதை முதலில் செய்துவிட்டால் மற்ற இடங்களில் பாதிக் கேள்வி குறையும். பிறகு ஜே.கே.எம்-க்கு இருவரின் மைகாட், ஓ.கே.யு கார்டு, திருமணச் சான்றிதழ், சம்பளச் சீட்டுகள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், புது வீட்டின் மின்சார பில் ஆகியவற்றின் பிரதி. புதிதாக உதவி கேட்பதென்றால் ஜே.கே.எம் 18 பாரம். வருமானமே இல்லாதவர் அந்த இடத்தைக் காலியாக விடாமல் இல்லை என்று எழுதி, கம்பத்துத் தலைவரிடமோ தோட்ட அலுவலகத்திலோ உறுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டு விசாரணைக்கு ஆள் வரும்போது வீடு பூட்டியிருந்தால் கோப்பு தூங்கும். கைப்பேசி எண் மாறியிருந்தால் இன்னும் ஆழ்ந்து தூங்கும்.

மாமனார் வீட்டிலேயே ஓர் அறையில் குடியேறுபவர்களுக்குத் தனிக் கேள்வி வரும்: ஒரு வீட்டாரா, இரண்டு வீட்டாரா? ஒரே கூரையின் கீழ் இரண்டு வீட்டார் இருக்கலாம். அடுப்பு தனி, அரிசி தனி, செலவு தனி என்றால் அது இரண்டு. விசாரணை அன்று மட்டும் ஓர் எரிவாயு அடுப்பை அறைக்குள் வைத்துக் காட்டுவதில் பலனில்லை. எண்ணெய்ப் பிசுக்கில்லாத அடுப்பை எந்த அதிகாரியும் கண்டுபிடிப்பார். உண்மையிலேயே தனிச் சமையல் என்றால் அதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள், மளிகைக் கடைக் கணக்கும் தனியாக இருக்கட்டும்.

தோட்டக் குவார்ட்டர்ஸில் குடியேறுவது பற்றியும் சொல்ல வேண்டும். அந்த வீடு வேலைக்குக் கட்டப்பட்ட வீடு. பெயரில் உள்ள தொழிலாளி வேலையை விட்டால், உடல் போய் நின்றாலும்கூட, வீடு கேள்விக்குள்ளாகும். இருவரில் யார் பெயரில் குவார்ட்டர்ஸ் இருக்கிறதோ அவர் வேலை எவ்வளவு நிலையானது என்று யோசித்தே எந்தப் பக்கம் குடியேறுவது என்று முடிவெடுங்கள். சக்கர நாற்காலி போகும் வாசலா, கழிவறை வெளியிலா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. சரிவுப்பாதை போடத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் சிமெண்ட் குழைக்காதீர்கள்.

இ-காசே என்ற அரசின் ஏழைக் குடும்பப் பட்டியலில் பதிவு வைத்திருப்பவர்கள் கடைசியில் மறந்துபோவது ஒன்று. அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடும்பத் தலைவர், மற்றவர்கள் உறுப்பினர்கள். நீங்கள் அம்மாவின் வீட்டில் உறுப்பினராக இருந்தால் அங்கிருந்து பெயரை எடுத்து, புது வீட்டைத் தனிப் பதிவாகத் திறக்கச் சொல்ல வேண்டும். இரண்டிலும் பெயர் இருந்தால் இரண்டு வீட்டுக் கணக்கும் கெடும். பரம ஏழைப் பட்டியலில் உள்ளவர்களுக்கான 40 வெள்ளி மின்சாரக் கழிவு அந்த வீட்டு டி.என்.பி மின்சாரக் கணக்கோடு இணைந்தது. நீங்கள் போனால் அது உங்கள் பின்னால் வராது, புது வீட்டுக் கணக்கு எண்ணைக் கொடுத்துக் கேட்க வேண்டும். குவார்ட்டர்ஸில் மீட்டர் நிர்வாகத்தின் பெயரில் இருந்தால் கேட்கவும் வழியில்லை.

பிள்ளை போன பிறகு பழைய வீட்டில் தங்கும் அம்மாவின் கணக்கையும் அதே நாளில் பாருங்கள். சம்பாதிக்கும் மகள் வெளியேறிவிட்டால் அந்த வீட்டின் வருமானம் விழுந்துவிட்டது. அம்மாவுக்கு 60 ஆகியிருந்தால் முதியோர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம், 2025 முதல் மாதம் 600 வெள்ளி. முன்பு ஒருமுறை நிராகரிக்கப்பட்டிருந்தாலும் பரவாயில்லை. வீட்டாள் எண்ணிக்கை மாறிவிட்டது என்பதைப் பாரத்திலேயே தேதியோடு எழுதி, மகளின் புது முகவரி உள்ள மைகாட் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள்.